கடல் விருந்தாளிகள்

எம்மவர் நாலுபேர் கூடும் இடத்தில், அது பிறந்தநாள் விழாவாக இருந்தாலும் சரி, கோயில் திருவிழாவாக இருந்தாலும் சரி, பிள்ளைகளைப் பற்றிக் கதை தொடங்கினால் அது யப்பான் காட்டூனில் வந்து நிற்கும். "எந்த நேரமும் அந்தப் பெரிய கண்ணுப் படங்கள்தான். தமிழ்ப் பாடசாலைக்கு எழுப்பினால் எழும்பமாட்டினம், இதுக்கெண்டால் விடியவிடிய முழிச்சிருப்பினம்" என்று தாய்மார் குறைப்படுவார்கள். அதில் உண்மை இல்லாமலும் இல்லை.

ஆனால் அந்தப் படங்களில் ஒன்று எம்மைப் பற்றியது என்றால் நம்புவீர்களா? இலங்கைத் தமிழர் என்ற சொல் அதில் எங்கும் இல்லை. இருப்பவர்கள், ஊரை இழந்து, மொழி தெரியாத கரையில் ஒதுங்கி, அங்குள்ள அலுவலகத்தில் பெயர் பதிந்து, பத்திரம் கிடைத்தோ கிடைக்காமலோ சீவிக்கும் மனிதர்கள். அந்த வகையில் அது எமது கதைதான். அதைப் பற்றி இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுடன் பேசவேண்டும் என்று எங்கள் இருவருக்கும் நெடுநாளாக ஆசை.

யப்பானிய மொழியில் அதன் பெயர் 'ஜூனி கொக்கி'. 'பன்னிரண்டு நாடுகளின் பதிவேடு' என்று தமிழில் சொல்லலாம். எழுதியவர் ஃபுயுமி ஓனோ என்ற பெண் எழுத்தாளர். 1960 இல் யப்பானின் கியூஷூ தீவில் ஒயித்தா மாகாணத்தில் பிறந்தவர். கியோட்டோ நகரத்தின் ஒத்தானி பல்கலைக்கழகத்தில் பௌத்தம் பயின்றவர். 1991 இல் இக்கதையுடன் தொடர்புடைய ஒரு திகில் நாவலை எழுதினார். 1992 இல் 'நிலவின் நிழல், நிழலின் கடல்' என்ற நாவலுடன் தொடர் முறையாக ஆரம்பமாகியது.

அது வந்தது கொடான்ஷா என்ற பதிப்பகம் பதின்வயதுப் பெண்பிள்ளைகளுக்காக வெளியிட்ட மலிவுப் பதிப்பு வரிசையில். கைக்கு அடக்கமான, இடையிடையே சித்திரங்கள் உள்ள இப்படியான புத்தகங்களை அங்கே 'லைட் நொவல்' என்கிறார்கள். எமது ஊரில் பஸ் நிலையக் கடைகளில் தொங்கிய மாத நாவல்களைப் போல, ரயிலில் வாசித்து முடிக்கலாம். இந்தத் தொடருக்குச் சித்திரம் வரைந்தவர் அகிஹிரோ யமதா. பிள்ளைகளுக்கென்று வந்ததைப் பெரியவர்களும் தேடி வாசித்தார்கள். அதனால் 2000 ஆம் ஆண்டிலிருந்து சித்திரங்கள் இல்லாத பொதுப் பதிப்பாகவும் அச்சிட்டார்கள். 2002 ஏப்ரலில் இருந்து 2003 ஓகஸ்ட் வரை யப்பானின் பொதுத் தொலைக்காட்சியான என்.எச்.கே. இதை 45 பாகங்கள் கொண்ட சித்திரத் தொடராக ஒளிபரப்பியது.

எங்கள் வீட்டுக்கு இதைக் கொண்டுவந்தவள் மூத்த மகள். ஜேர்மனியில் பிறந்தவள். பாடசாலை விடுமுறையில் பேக்கரியில் நின்று உழைத்த காசில் டிவிடிகள் வாங்கினாள். பிறகு 2007 இல் இருந்து 2010 வரை முதல் நான்கு நாவல்கள் ஆங்கிலத்தில் வந்தபோது அவற்றையும் வாங்கினாள். ஒரு மாரிகாலம் முழுவதும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொல்ல, நாங்கள் கேட்டோம். தமிழ்ச் சொல் வராத இடத்தில் டொச் வரும். டொச்சும் வராத இடத்தில் கையால் காட்டுவாள்.

கதை இதுதான். எங்கள் உலகத்துக்கு அப்பால் இன்னொரு உலகம். அதில் பன்னிரண்டு நாடுகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அரசர். அரசரைத் தெரிவு செய்வது மக்களுமல்ல, வம்சமுமல்ல. 'கிரின்' என்ற ஒற்றைக்கொம்புத் தெய்வ மிருகம் வானத்தின் சித்தத்தை உணர்ந்து ஒருவரின் முன் பணியும். நீதியாக ஆளும்வரை அரசருக்கு மூப்பில்லை, சாவில்லை. நெறி தவறினால் கிரின் நோயில் விழும். கிரின் இறந்தால் அரசரும் இறப்பார். அரசர் இல்லாத நாட்டில் வெள்ளமும் பஞ்சமும் வரும், கொடிய மிருகங்கள் ஊருக்குள் புகும், சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எல்லையை நோக்கி நடப்பார்கள். ஆட்சி கெட்டால் முதலில் தெருவுக்கு வருவது யார் என்பதை எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இந்த உலகத்துக்கும் யப்பானுக்கும் இடையில் சில வேளைகளில் ஒரு பெரும் புயல் வீசும். அதற்கு 'ஷொக்கு' என்று பெயர். கிரகணம் என்று பொருள். அந்தப் புயலில் அகப்பட்ட யப்பானியர் சிலர் அங்கே கரையொதுங்குவார்கள். அவர்களுக்கு அந்த ஊரார் வைத்திருக்கும் பெயர் 'கைக்யக்கு'. கடல் விருந்தாளி! சீனாவில் இருந்து வந்து சேருபவர்கள் மலை விருந்தாளிகள்.

விருந்தாளி என்ற சொல்லைக் கேட்டதும் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். 1961 இல் துருக்கியுடன் ஒப்பந்தம் செய்து ஆட்களை எடுத்த ஜேர்மனி, அவர்களை அழைத்ததும் 'விருந்தாளித் தொழிலாளி' என்றுதான். விருந்தாளி என்றால் மரியாதை உண்டு. கூடவே, எப்போது போகிறீர்கள் என்ற கேள்வியும் உண்டு.

கதாநாயகி யோக்கோ ஒரு பாடசாலை மாணவி. எவருக்கும் மறுப்புச் சொல்லத் தெரியாத பிள்ளை. ஒருநாள் கேய்க்கி என்ற அந்நியன் பாடசாலைக்கே வந்து அவளின் காலடியில் பணிகிறான். அவன்தான் கேய் என்ற நாட்டின் கிரின் என்பது பின்னால்தான் தெரியவரும். மிருகங்கள் துரத்த, கடலில் விழுந்த நிலவின் நிழல் வழியாக அவளை அந்த உலகத்துக்குக் கொண்டுபோகிறான். இடையில் இருவரும் பிரிந்துவிட, அவள் தனியே கோ என்ற வேறொரு நாட்டின் கரையில் ஒதுங்குகிறாள். தலைமயிர் சிவந்துவிட்டது, கண்ணின் நிறம் மாறிவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் தன் முகமே தனக்கு அந்நியம். அவளைக் கொண்டுவந்த புயல் ஊராரின் வயலையும் வீட்டையும் அழித்திருக்கிறது. ஆகவே கடல் விருந்தாளி என்றால் கேடு, பிடித்துக் கொடுக்கவேண்டும், கொல்லவேண்டும் என்பது அந்த நாட்டு வழக்கம்.

தப்பி ஓடும் அவளுக்கு ஒரு பெண் சோறு போடுகிறாள். தன் தாயின் விடுதியில் வேலை எடுத்துத் தருகிறேன் என்று அன்பாகக் கூட்டிச் செல்கிறாள். போய்ச் சேர்ந்த இடம் பெண்களை விற்கும் வீடு. ஏஜென்சிக்காரனை நம்பி நடுவழியில் நின்றவர்கள் எம்மில் எத்தனை பேர்! இந்த இடத்தில் மனைவி, "இது எழுதின மனுசி இந்தப் பாதையாலை வந்திருக்கிறா போல" என்றா.

அதற்குப் பிறகு வருவதுதான் எங்களை உலுக்கிய பகுதி. ஒரு விடுதியில் வேலை செய்யும் கிழவர் ஒருவரை யோக்கோ சந்திக்கிறாள். மட்சுயாமா என்பது அவரின் பெயர். அவரும் யப்பானியர், அவரும் கடல் விருந்தாளி. இரண்டாம் உலக யுத்தத்தின் இறுதிக் காலத்தில் வந்து விழுந்தவர். நாற்பது வருடங்களுக்கு மேலாக யப்பானிய மொழி பேச ஓர் ஆள் இல்லை. அவளைக் கண்டதும் அவர் கேட்கும் கேள்வி, யுத்தத்தில் யப்பான் வென்றதா என்பது. தோற்றுவிட்டது என்று அவள் சொல்ல, கிழவர் அழுகிறார்.

பிறகு அவர் இந்த நாட்டு மொழி தனக்கு விளங்கவில்லை என்கிறார். யோக்கோவுக்கு ஆச்சரியம். எல்லோரும் யப்பானிய மொழிதானே பேசுகிறார்கள் என்கிறாள். அப்போதுதான் உண்மை வெளிக்கிறது. அங்கே பேசப்படுவது முற்றிலும் வேறு மொழி. அவளின் காதுக்கு மட்டும் அது தாய்மொழியாகக் கேட்கிறது. அவள் படித்துத் தேடிய வித்தை அல்ல அது. பிறப்பால் அந்த உலகத்தைச் சேர்ந்தவள் அவள். கருவிலேயே புயல் அடித்துக்கொண்டுபோய் யப்பானில் பிறக்க வைத்திருக்கிறது. கேய் நாட்டுக்கு அரசியாகக் கிரின் தெரிவு செய்ததும் அவளைத்தான். ஆனால் இது எதுவும் அந்த இரவில் இருவருக்குமே தெரியாது. கிழவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஒரே கடலில் வந்த இருவரில் ஒருத்திக்கு நேற்று வந்தும் மொழி இருக்கிறது, நாற்பது வருடம் கிடந்த தனக்கு இல்லை. அவர் ஆத்திரப்படுகிறார். இரவோடு இரவாக அவளின் பையையும் பணத்தையும் எடுத்துக்கொண்டு மறைந்துவிடுகிறார்.

இதை வாசித்துச் சொல்லிவிட்டு மகள் புத்தகத்தை மூடினாள். "அம்மா, இது எங்கட அப்பப்பா" என்றாள்.

வாசகர்கள் பிழையாக விளங்கக்கூடாது. அவளின் அப்பப்பா எவருடைய பையையும் எடுத்தவர் அல்ல. ஊரில் தபாலதிபராக இருந்து, கிராமத்தின் அரைவாசிப் பேருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவர். எழுபது வயதில் எங்களிடம் வந்து சேர்ந்தார். டொச்சில் 'வணக்கம்', 'நன்றி' என்ற இரண்டு சொல்லுடன் இருந்தார். வைத்தியரிடம் போகும்போது பத்து வயது மகள்தான் மொழிபெயர்ப்பாளர். ஒருநாள் வைத்தியர் கேள்விகளை நேரே பிள்ளையைப் பார்த்தே கேட்டார். பிள்ளையும் தனக்குத் தெரிந்ததை, அவரிடம் கேளாமலே சொல்லிவிட்டாள். வெளியே வந்ததும் கிழவர் நடுத்தெருவில் நின்று, "எனக்கு என்ன வருத்தம் எண்டு நீயோ சொல்லுறது?" என்று சத்தம் போட்டார். அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. பிள்ளைக்கு எதற்கு ஏச்சு வாங்கினோம் என்று விளங்கவில்லை.

எங்கள் வீட்டில் மாத்திரம் நடந்ததல்ல இது. சமூகநல அலுவலகத்திலும், வங்கியிலும், பாடசாலைப் பெற்றோர் கூட்டத்திலும் பிள்ளைகள் பேச, பெரியவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பிள்ளைக்கு மொழி இருமலும் தடிமனும் போலத் தானாகத் தொற்றியது. பெரியவர் கோப்பை கழுவி, வகுப்புக்குப் போக நேரமில்லாமல், சொல் சொல்லாகப் பொறுக்கியது. ஆகவே பிள்ளைக்கு அதில் பெருமைப்பட அதிகம் இல்லை, பெரியவருக்கு வெட்கப்படவும் ஒன்றும் இல்லை. ஆனாலும் பெருமையும் வெட்கமும் வருகின்றன. ஒரே மேசையில் இருந்து சாப்பிடும் இரண்டு தலைமுறைக்கு நடுவில் அவை நிற்கின்றன. ஓனோ எழுதிய அந்த ஓர் இரவு, இதைத்தான் எங்களுக்குக் காட்டியது.

கிழவர் களவெடுத்ததை எழுத்தாளர் நியாயப்படுத்தவில்லை, அவரைக் கெட்டவர் என்று தள்ளிவிடவும் இல்லை. துன்பம் மனிதரைப் புடம்போட்ட பொன்னாக்கும் என்று நாம் மேடைகளில் பேசுவோம். சிலரை அது ஒடுக்கி, பக்கத்தில் நிற்பவரின் பையில் கை வைக்கவும் வைக்கும் என்பதே இந்தக் கதை சொல்லும் உண்மை. முகாம்களில் இருந்தவர்களுக்கு இது தெரியும்.

இத்தனைக்கும் பிறகு யோக்கோ எவரையும் நம்புவதில்லை. வாளைக் காட்டிப் பயமுறுத்திப் பொருள் பறிக்கலாம் என்று அவளே நினைக்கத் தொடங்குகிறாள். இரவுகளில் ஒரு நீலக் குரங்கு அவளுக்கு மட்டும் தோன்றி, உனக்காக எவரும் காத்திருக்கவில்லை, செத்துப்போ என்று சிரிக்கும். கடைசியில் மழையில் விழுந்து கிடந்தவளைத் தூக்கிக்கொண்டு போகிறது ஓர் எலி! பிள்ளையளவு உயரம். பெயர் ரக்குஷுன். பாதி மனிதன், பாதி மிருகம். அந்த நாட்டுச் சட்டப்படி அவனுக்குக் காணி கிடையாது, உத்தியோகம் கிடையாது, முழு மனிதனாகவே கணக்கில்லை. கெட்டிக்காரன், ஆனால் மேலே படிக்க வழியில்லை. உள்ளூரிலேயே அகதியாக இருப்பவன் அவன். தரப்படுத்தலால் படிப்பை இழந்த எமது தலைமுறைக்கு அவனை உடனே அடையாளம் தெரியும்.

ஒரு நகரத்து வாசலில் மிருகங்கள் தாக்க, ரக்குஷுன் காயப்பட்டு விழுகிறான். ஆட்கள் வருகிறார்கள், நின்றால் பிடிபடுவாள். யோக்கோ ஓடுகிறாள். திரும்பிப் போய் அவனைக் காப்பாற்றுவதா, அவன் தன்னைக் காட்டிக்கொடுக்காதபடி கொன்றுவிடுவதா என்ற எண்ணமும் அவளுக்குள் வருகிறது. ஒரு பிள்ளைகள் புத்தகத்தில் இதை எழுதத் துணிவு வேண்டும். அந்த இடத்தில்தான் அவள் ஒரு முடிவுக்கு வருகிறாள். மற்றவர்கள் எனக்குத் துரோகம் செய்வது அவர்களின் காரியம். நான் ஒருவரை நம்புவதும், துரோகம் செய்யாமல் இருப்பதும் என் காரியம். ஒன்றுக்கு மற்றது விலை அல்ல. அந்த நீலக் குரங்கை அவள் வெட்டி வீழ்த்துகிறாள். பிறகு கப்பலேறிப் போய் இறங்கும் துறைமுகத்தில், உயிர் தப்பிய ரக்குஷுன் அவளுக்காகக் காத்து நிற்கிறான்.

அந்தத் துறைமுகம் உள்ள நாட்டின் பெயர் 'என்'. தமிழ்க் காதுக்கு அது 'என் நாடு' என்று கேட்கும். அதை எழுதும் எழுத்துக்குப் பொருள் காட்டு வாத்து. பருவம் மாற நாடு விட்டு நாடு போகும் பறவை! யப்பானியரின் 'என்'னும் எங்களின் 'என்'னும் தற்செயலாகச் சந்தித்தவை. ஆனாலும் எங்கள் வீட்டில் அன்றிலிருந்து அது 'என் நாடு'தான்.

அந்த நாட்டின் அரசரும் யப்பானில் வளர்ந்தவர். உள்நாட்டு யுத்த காலத்தில் தன் சிறு ஆட்சியையும் மக்களையும் கடற்கரையில் இழந்தவர். ஐந்நூறு வருடங்களாக ஆள்பவர். அவரின் ஆட்சியில் கடல் விருந்தாளி அலுவலகத்தில் பதிந்தால் அடையாளப் பத்திரம் உண்டு. மூன்று வருடங்களுக்குப் பொதுப் பாடசாலைக்கும் வைத்தியத்துக்கும் பணமில்லை. அந்தக் காலத்துக்குள் மொழியைப் பிடித்து, சீவிக்க ஒரு வழி தேடிக்கொள்ளவேண்டும். அங்கே யோக்கோ இன்னொரு யப்பானியரைச் சந்திக்கிறாள். 1969 சனவரியில் தோக்கியோ பல்கலைக்கழகத்தின் யசுதா மண்டபத்தில் மாணவர்கள் பொலிசாருடன் மோதினார்களே, அந்தப் போராட்டத்தின் நடுவில் இருந்து வந்து விழுந்தவர். அவர் மொழி கற்று, ஆசிரியராகி, மரியாதையாக வாழ்கிறார்.

மட்சுயாமாக் கிழவரும் இந்த ஆசிரியரும் ஒரே வழியாக வந்தவர்கள். ஒருவர் திறமானவர், மற்றவர் திறமற்றவர் என்று சொல்லிவிட்டுப் போகமுடியுமா? ஒருவர் வாழ்ந்த நாட்டில் மூன்று வருடமும் ஒரு பாடசாலையும் இருந்தன. மற்றவர் விழுந்த நாட்டில் ஒளித்து வாழ்வதே சீவியம். இதை ஏன் சொல்கிறோம் என்றால், "நானும் வெறுங்கையோடைதான் வந்தனான், நான் முன்னேறேல்லையோ?" என்று பின்னால் வந்தவரைப் பார்த்துக் கேட்கும் பழக்கம் எம்மவரிடம் உண்டு. தொண்ணூறுகளில் ஜேர்மனியில் தஞ்சம் கேட்டவர்களுக்கு டொச் வகுப்பு உரிமையாக இருக்கவில்லை. ஹைமில் இருந்து, அனுமதி இல்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்டாமல், முடிவு வரும் வரும் என்று வருடங்களை எண்ணினோம். மொழி வகுப்பைச் சட்டமாகக் கொண்டுவந்தது 2005 ஆம் ஆண்டு. அதற்குள் எம்மில் பலரின் நாக்கு தடித்துவிட்டது.

தொடரில் இன்னொருத்தியைப் பற்றியும் சொல்லவேண்டும். பெயர் சுசு. 1994 இல் வந்த நாவலின் மூன்று கதாநாயகிகளில் ஒருத்தி. மெய்ஜி காலத்தில், வறுமை காரணமாக வேலைக்காரியாக விற்கப்பட்டு, தோக்கியோவுக்குக் கொண்டுபோகும் வழியில் அடித்துச் செல்லப்பட்ட சிறுமி. ஒரு சொல்லும் விளங்காமல் ஒரு கூத்துக் குழுவுடன் அலைகிறாள். ஒருநாள், சாகாவரம் பெற்ற ஒரு சீமாட்டிக்கு இவளின் பேச்சு விளங்குகிறது. அந்த வரம் பெற்றவர்களுக்கு எல்லா மொழியும் விளங்கும். காலைப் பிடித்துக் கெஞ்சி அவளிடம் வேலைக்குச் சேருகிறாள். சேர்ந்ததால் இவளுக்கும் அந்த வரம் கிடைக்கிறது. பிறகு ஒரு நூறு வருடம் ஏச்சும் அவமானமும். விட்டுப்போனால் வரம் போய்விடும், வரம் போனால் மொழி போய்விடும். அதற்குப் பயந்தே இருக்கிறாள்.

ஒரு நூறு வருடம் என்பது கதைக்கான கணக்கு. ஆனால் இந்தச் சுசுக்களை நாங்கள் அறிவோம். கடிதம் வந்தால் கணவன்தான் வாசிக்கவேண்டும், வைத்தியரிடம் கணவன்தான் பேசவேண்டும், அதனால் அடியையும் பொறுத்துக்கொண்டு இருக்கும் பெண்கள். தனக்காக அலுவலகத்தில் கதைக்கிறார் என்பதற்காக, அரைச் சம்பளத்துக்கு முதலாளியின் சமையலறையில் பதினைந்து வருடம் நின்ற இளைஞர்கள். மொழியை ஒருவர் கையில் கொடுத்துவிட்டால் கழுத்தையும் கொடுத்தது போலத்தான்.

ஓனோ சுசுவுக்கு அனுதாபத்தை மட்டும் தந்து நிறுத்தவில்லை. அந்த வீட்டை விட்டு வெளியேறும் சுசு, கேய் நாட்டில் புதிதாக ஓர் அரசி வந்திருப்பதையும், அவளும் யப்பானில் இருந்து வந்தவள் என்பதையும் கேள்விப்படுகிறாள். அவள்தான் நமது யோக்கோ. அந்த ஒருத்திக்காவது என் துயரம் விளங்கும் என்று புறப்படுகிறாள். கப்பலில் ஒரு சிறுவனைச் சந்திக்கிறாள். கேய் நாட்டில் இருந்து தப்பி ஓடி, மிருகம் தாக்கியதால் கண்பார்வை மங்கிக்கொண்டிருக்கும் பிள்ளை. உலகத்தில் நீ மட்டுமா கஷ்டப்பட்டாய் என்று அவளின் முகத்துக்கு நேரே கேட்கிறான். பிறகு அந்தப் பிள்ளையை ஓர் அதிகாரியின் வண்டி தெருவில் நசுக்கிவிட்டுப் போகிறது. சுசு நூறு வருடத்தில் முதல்தடவையாகத் தனக்காக அல்லாமல் இன்னொருவருக்காக அழுகிறாள். அநீதிக்கு எதிராக எழும்பியவர்களுடன் போய்ச் சேருகிறாள். அங்கே அவளின் பக்கத்தில் நின்று போராடும் சிவந்த மயிர்ப் பெண் அரசியேதான் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரியவருகிறது. எல்லாம் முடிந்தபின் யோக்கோ போடும் முதற் கட்டளை, என் நாட்டில் எவரும் எவர் முன்னும் நிலத்தில் விழுந்து வணங்கவேண்டாம் என்பது. சடங்குகளுக்கு மட்டும் விலக்கு.

தொலைக்காட்சித் தொடரைப் பற்றியும் சில வார்த்தை. முதல் நாவலில் யோக்கோ தனியாகத்தான் போகிறாள். பாதிக் கதை அவளின் மனதுக்குள் நடக்கிறது. மனதுக்குள் நடப்பதைப் படத்தில் காட்டுவது கஷ்டம். ஆகவே படத்தில் சுகிமோத்தோ என்ற வகுப்புத் தோழியையும், அசானோ என்ற பையனையும் கூட அனுப்பிவிட்டார்கள். நாவலில் சுகிமோத்தோ யப்பானிலேயே நின்றுவிடுபவள். அசானோ நாவலில் இல்லவே இல்லை. இந்த மாற்றத்தைக் குறை சொல்லும் வாசகர்கள் உண்டு. எங்களுக்கு அது பிடித்திருந்தது. மொழி விளங்கும் யோக்கோவும் மொழி விளங்காத சுகிமோத்தோவும் அருகருகே நடக்கிறார்கள். ஒருத்தி பேச, மற்றவள் அவளின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நாவல் ஓர் இரவில் காட்டியதைப் படம் பல பாகங்களில் காட்டுகிறது. தனித்து அலைந்து, மனம் பேதலித்து, முடிவில் அந்நிய மண்ணில் இறந்துபோகும் அசானோவைப் பார்த்தபோது, இங்கே வந்து தனிமையில் மனம் குழம்பிப்போன ஒன்றிரண்டு பிள்ளைகளின் முகம் எங்களுக்கு நினைவில் வந்தது. இசையமைத்தவர் குனிஹிக்கோ ரியோ. யப்பானில் பிறந்து வளர்ந்த கொரிய வம்சத்தவர். யாங் பாங் இயான் என்பது அவரின் கொரியப் பெயர். இரண்டு பெயருடன் வாழும் பிள்ளைகள் எமது வீடுகளிலும் இருக்கிறார்கள்.

கடல் விருந்தாளிக்காக இப்படிக் கதை எழுதிய யப்பான், நிசத்தில் எந்த நாட்டைப் போன்றது என்று மகள் ஒருநாள் கேட்டாள். அகதிகள் தொடர்பான சர்வதேச ஒப்பந்தத்தில் யப்பான் 1981 இல் இணைந்தது. 2023 ஆம் ஆண்டில் அங்கே தஞ்சம் கேட்டு விண்ணப்பித்தவர்கள் 13,823 பேர். அகதிகளாக ஏற்கப்பட்டவர்கள் 303 பேர். அதுவே அந்த நாட்டில் அதுவரை இல்லாத பெரிய தொகை. அந்த வருடம் விண்ணப்பித்தவர்களில் ஆகக் கூடியவர்கள் இலங்கையில் இருந்து போனவர்கள். அதற்கு முன் 2021 மார்ச்சில் நகோயா நகரத்துக் குடிவரவுத் தடுப்பு நிலையத்தில் 33 வயது இலங்கைப் பெண் ஒருவர், பல வாரங்கள் நோயுற்றிருந்து இறந்துபோனார். மாணவியாகச் சென்று விசா முடிந்தபின் அகப்பட்டவர் அவர். அவருக்காக யப்பானியர்களே தெருவில் இறங்கினார்கள். ஆக, கோ நாடும் 'என்' நாடும் ஒரே நாட்டுக்குள்ளேயே இருக்கின்றன. ஜேர்மனியிலும் அப்படித்தான். ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்துக் கதவுகளுக்குப் பின்னால் அவை இரண்டும் இருப்பதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

தொடர் இன்னும் உயிரோடு இருக்கிறது. 2001 க்குப் பிறகு பெரிய நாவல் வராமல் வாசகர்கள் பதினெட்டு வருடம் காத்திருந்தார்கள். 2019 இல் நான்கு பாகங்களாக வந்தது. அரசரை இழந்த ஒரு பனிநாட்டின் மக்கள், அவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் தேடும் கதை என்று மகள் சொன்னாள். காணாமல் போனவரைத் தேடும் கதையை எங்கள் சனத்துக்குப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. 2025 டிசம்பரில் முதல் நாவல் தோக்கியோவில் இசை நாடகமாகவும் மேடையேறியது.

யப்பான் காட்டூன் எல்லாம் நல்லது என்று சொல்ல நாங்கள் வரவில்லை. பிள்ளைகள் பார்ப்பதில் பாதி சண்டையும் சத்தமும்தான். ஆனால் உங்கள் பிள்ளை அப்படி ஏதாவது பார்த்துக்கொண்டிருந்தால் ஒருதரம் பக்கத்தில் இருந்து, என்ன நடக்கிறது என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சொல் தடுமாறும். பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் மொழி தேடி அலைவது பிள்ளை, காத்திருப்பது நீங்கள். அலுவலகத்தில் நீங்கள் சொல் தேடி நின்றபோது எதிரில் இருந்தவர் எப்படிக் காத்திருக்கவேண்டும் என்று விரும்பினீர்களோ, அப்படிக் காத்திருங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களையும் கூட இருத்திக்கொள்ளுங்கள். மட்சுயாமாக் கிழவர் வரும் இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு, "அப்பு, நீங்களெண்டால் என்ன செய்திருப்பியள்?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலைப் பிள்ளையும் கேட்கட்டும்.